ஊதல் முதலாளி வீட்டு அடுப்பு

சமையலறையில் “டப்” என்று ஒரு சத்தம் கேட்டது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த முதலாளி தலையைத் தூக்கவில்லை.

“என்னம்மா, டீ வர நேரமாகுமா?” என்று மட்டும் கேட்டார்.

மருமகள் அடுப்பை விட்டுத் தள்ளி, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். மயிர் கருகிய வாடை. மாமியார் ஓடி வந்து அவள் கைகளை விலக்கினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, சந்தையில் பழம் பொறுக்குகிறவள் போல இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தாள்.

“கண்ணு தப்பிச்சிது. புருவந்தான் பாதி போச்சு. பென்சில்ல வரைஞ்சிக்க, யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே அத்தை.”

“உனக்குத் தெரிஞ்சா என்ன. கண்ணாடி முன்னாடி உக்கார உனக்கு நேரமா இருக்கு?”

அடுப்பு ஒன்றும் நடக்காதது போல நீலமாக எரிந்துகொண்டிருந்தது. தவறு செய்துவிட்டுச் சமத்தாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் அதற்கு.

இது ஏதோ வசதியில்லாத வீட்டுச் சமையலறை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஊரிலேயே பெரிய கேஸ் அடுப்புக் கடை இந்த வீட்டுக்காரருடையது. கடையில் கண்ணாடித் தளம் போட்ட அடுப்பு, எஃகு அடுப்பு, திருப்பினால் தானே பற்றிக்கொள்ளும் அடுப்பு, அணைந்தால் தானே கேஸை மூடிக்கொள்ளும் அடுப்பு என்று வரிசையாகப் பளபளக்கும். வீட்டில் இருந்ததோ, அவற்றுக்கெல்லாம் ஒன்றுவிட்ட பெரியப்பா முறை.

அந்தக் கடைத்தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். கடையில் ஏறிய நல்ல சரக்கு வீட்டுக்கு இறங்கக் கூடாது. வாங்கினவர் திருப்பிக் கொடுத்தது, கீறல் விழுந்தது, ஜோடி தொலைந்தது, இவைதான் வீட்டுக்கு. குடைக்கடைக்காரர் மனைவி கம்பி நீட்டிய குடையோடு போவாள். நனைவதோடு பக்கத்தில் வருகிறவர் கண்ணுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். செருப்புக்கடைக்காரர் மகளுக்கு இடது கால் ஒரு அளவு, வலது கால் ஒரு அளவு. விளக்குக்கடைக்காரர் வீட்டு மாடிப்படியில் எல்லோரும் சுவரைத் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

சட்டத்துக்கு ஒரு விலக்கும் இருந்தது. ஆண்கள் எடுத்துக்கொண்டால் அது விளம்பரம். “நானே கட்டலன்னா எவன் வாங்குவான்?” என்று கடிகாரக் கடைக்காரர் தன் கடையிலேயே நல்ல கடிகாரமாகப் பார்த்துக் கட்டிக்கொள்வார். பெண்களுக்கு என்றால், “வீட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?” ஒரே தெரு, ஒரே சரக்கு, வாசற்படிக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம்.

நம் மாமியாரின் கையிலும் அப்படிக் கடிகாரக் கடையில் கழித்துக் கட்டிய கடிகாரம் ஒன்று இருந்தது. அகலமான தோல் வார். முள் என்றைக்கோ நின்றுபோய்விட்டது. யாராவது மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு வெயிலைப் பார்ப்பாள், பிறகு பதில் சொல்வாள். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். ஓடாத கடிகாரத்தின் மேல் இவளுக்கு இவ்வளவு ஆசையா என்று மருமகள் பலநாள் யோசித்திருக்கிறாள்; கேட்டதில்லை.

வீட்டு அடுப்பு முதலில் நல்ல அடுப்பாகத்தான் பிறந்தது. மூன்று பர்னர், தானே பற்றிக்கொள்வது, தானே மூடிக்கொள்வது இரண்டும் இருந்தன. மேலே கீறல் என்று எவரோ திருப்பிக் கொடுக்க, வீட்டுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து ஊருக்கே உறுப்பு தானம் செய்தது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அவசரமாகத் திருகுகிற நாப் ஒன்று வேண்டுமா, வீட்டு அடுப்பிலிருந்து போகும். பாத்திரம் தாங்கும் கம்பி வேண்டுமா, போகும். கடைசியில், அணைந்தால் கேஸை மூடும் வால்வுகளும் ஒவ்வொன்றாகப் போய், அந்த இடத்தில் வெறும் வால்வுகள் வந்தன. கழற்றிக்கொண்டு போனவன் கடையின் ரிப்பேர் வேலைகளைப் பார்க்கும் மகன், அதாவது மருமகளின் கணவன். கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் “அப்புறம்”.

“வால்வு எங்கங்க?”

“அப்புறம் போட்டுடறேன்.”

“பொறி எப்பவோதாங்க வருது. அதுக்குள்ள கேஸ் சேந்துடுது.”

“பத்த வைக்கற ஊசி வளைஞ்சிருக்கு. அப்புறம் பாக்கறேன்.”

அந்த “அப்புறம்” வருவதற்குள் புருவம் போய்விட்டது.

தேநீர்க் குவளையை மாமனார் முன்னால் வைத்துவிட்டு மருமகள் நகராமல் நின்றாள்.

“மாமா, அடுப்ப மாத்தணும்.”

“அதுக்கு என்ன கேடு? எரியுது இல்ல?”

“அதோட சேந்து நானும் எரியறேன்.”

முதலாளி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் புருவம், ஒரு பக்கம் பாதிப் புருவம். வியாபாரியின் கண் அல்லவா, சேதாரத்தை உடனே மதிப்புப் போட்டது: சின்னச் சேதாரம்.

“வளந்துடும்மா. நெருப்புகிட்ட கொஞ்சம் பதனமா இருக்கணும். அவசரம், அதான். கடைல இருக்கறது சரக்கு. வீட்ல இருக்கறது சாமான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.”

“குழந்தை ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறிப் பாக்கறா மாமா. நேத்து நாப் மேல கை வெச்சிட்டா.”

“அப்ப ஸ்டூல எடுத்து உள்ள வை.”

பேச்சு முடிந்தது. ஸ்டூல் உள்ளே போயிற்று.

கடையில் இதே மனிதரைப் பார்க்க வேண்டும். ஊரில் அவருக்கு ஊதல் முதலாளி என்று பெயர். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் மேஜை மேலிருக்கும் அடுப்பைப் பற்றவைப்பார். கன்னம் இரண்டையும் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு, “ஃபூ” என்று ஒரே மூச்சில் சுடரை அணைப்பார். கேஸ் சீறும். வந்தவர்கள் பின்வாங்குவார்கள். அவர் ஒரு விரலைத் தூக்கி எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுக் கதை சொல்லுவார்.

“ஒரு அம்மா. பால அடுப்புல வெச்சிட்டு, வாசல்ல பக்கத்து வீட்டம்மாவோட பேச்சுக்கு நின்னுட்டாங்க. உள்ள பால் பொங்குது. பொங்கின பால் நெருப்ப அணைச்சிடுச்சு. கேஸ் நிக்குமா? அது பாட்டுக்கு வருது. அம்மாவுக்குப் பேச்சு முடியல. இன்னும் வருது. அம்மாவுக்கு இன்னும் பேச்சு முடியல...”

இந்த இடத்தில் அடுப்புக்குள் “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும். சீறல் நிற்கும்.

“கேட்டீங்களா? நம்ம அடுப்புக்கு அந்த அம்மாவத் தெரியும். அதான் தானே மூடிக்கிச்சு.”

சிரிப்பு. பர்னரை ஒட்டி ஆணி மாதிரி நிற்கும் சின்னக் கம்பியைக் காட்டி, அது சூடாக இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும், ஆறினால் மூடிவிடும் என்று விளக்கம். உடனே பில். கம்பி ஆறுகிற நேரமும் கதையின் நீளமும் ஒன்றாக இருக்கும்படி பல வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கதையைச் செதுக்கி வைத்திருந்தார். மருமகளே கல்யாணத்துக்கு முன்னால் தன் அம்மாவோடு அடுப்பு வாங்க வந்து இந்தக் கதைக்குச் சிரித்தவள்தான். சம்பந்தம் பேசினபோது அவள் அம்மா, “அடுப்புக்கடைக்காரர் வீடு. என் பொண்ணு பத்திரமா சமைப்பா” என்று ஊரெல்லாம் சொன்னாள். மாமியார் மட்டும் கடைப்பக்கம் வந்ததே இல்லை. வீட்டுப் பெண்கள் கடையில் வந்து உட்கார்ந்தால் லட்சணமாக இருக்காது என்பது தெருவின் இன்னொரு சட்டம்.

புருவம் போன அதே வாரம் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்காக விடுதி கட்டிக்கொண்டிருந்தவர். மாடிக்கு ஒரு சமையலறை, ஒவ்வொன்றிலும் அடுப்புகள். கடையின் ஒரு வருஷ வியாபாரம் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது முதலாளிக்கு. வழக்கத்தைவிடப் பெரிய மூச்சாக இழுத்து ஊதினார். கதை சொன்னார். “டக்” என்றது. விடுதியம்மா சிரிக்கவில்லை.

“அடுப்பு சரி. உங்க வீட்ல என்ன அடுப்பு?”

“இதேதாம்மா. வருஷக்கணக்கா ஓடுது. ஒரு தடவகூட கைய வெச்சதில்ல.”

“இதே மாதிரி மூடிக்குமா?”

“இத விடச் சுருக்கா.”

“அப்ப நாளைக்கு உங்க வீட்டுக்கு டீக்கு வரேன்.” பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “கடைல இருக்கற அடுப்பு கடைக்காரர் பேச்சக் கேக்கும். வருஷக்கணக்கா வீட்ல இருந்தது என்ன சொல்லுதுன்னு பாக்கணும். பொண்ணுங்க தூங்கற கட்டடம் பாருங்க.”

முதலாளி சிரித்த முகத்தோடு வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

“புதுசு ஒண்ணு கொண்டாந்து வெச்சிடலாமே மாமா” என்றாள் மருமகள். அவள் குரலில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

“பழசுன்னு சொல்லிட்டேனே. பளபளன்னு இருந்தா அந்தம்மா மூக்குலயே கண்டுபிடிச்சிடும். இதுதான் வேணும். நல்லா அழுக்குப் புடிச்சு, ஓடின களையோட இருக்கு.”

“வால்வாவது திரும்பப் போடலாம்” என்று அவள் கணவனைப் பார்த்தாள்.

“இந்த மாடலுக்கு இப்ப சாமானே வர்றதில்ல” என்றான் அவன். ஆயுளில் முதன்முறையாக “அப்புறம்” என்று சொல்லவில்லை; ஆனால் பயன் அதேதான்.

முதலாளி எழுந்து பின்கட்டு வரைக்கும் நடந்தார். சிலிண்டர் அங்கேதான் சுவரோரம் இருந்தது; குழாய் சுவரைத் துளைத்துச் சமையலறைக்குள் போயிற்று. நடுவில் ஒரு ஜன்னல். அங்கிருந்தே அவர் முகம் மலர்ந்தது.

“ஏம்மா, நீ இங்க நின்னுக்க. நான் உள்ள ஊதுவேன். பேசிக்கிட்டே இருப்பேன். ‘அம்மாவுக்கு இன்னும் பேச்சு முடியல’ன்னு சொன்னதும் ரெகுலேட்டரத் திருப்பிடு. குழாயில இருக்கறது வந்து தீந்துடும். சீறல் நிக்கும். ‘டக்’கு நான் நாக்கால குடுத்துக்கறேன்.”

“எந்த அம்மாவுக்கு?” என்று கேட்டாள் அதுவரை பேசாமலிருந்த மாமியார்.

“சும்மா ஒரு கதை. உனக்கெதுக்கு? நீ முன்னாடியே பத்த வெச்சிடு. அது பத்திக்கற லட்சணத்த அந்தம்மா பாக்க வேணாம்.”

மருமகள் அன்று படுத்தபோது கணவனிடம் கேட்டாள்: “தானியங்கி அடுப்புங்கறாரே, அது நானா?”

“ஒரு நாளைக்குத்தான. அப்புறம்...”

அவள் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் விடுதியம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கூடத்தில் உட்காரவில்லை. “சமையக்கட்டு எங்கம்மா?” என்று நேரே உள்ளே போய், ஜன்னல், புகைபோக்கி, பாத்திரம் கழுவும் தொட்டி என்று வாடகைக்கு வந்தவர் மாதிரி பார்த்தார். தண்ணீர் கொண்டு வந்த மருமகளின் முகத்தில் அவர் பார்வை நின்றது.

“என்னம்மா, ஒரு பக்கப் புருவம் மட்டும் என்னப் பாத்து ஆச்சரியப்படுது?”

“பென்சில் மேடம். கை நடுங்கிடுச்சு.”

“அவளுக்கு வேலை இருக்கு, பின்னாடி துணி காயுது” என்று முதலாளி அவளைப் பின்கட்டுக்கு விரட்டினார். போகிற போக்கில் அவள் சமையலறையின் ஜன்னல்களையும் பின்கதவையும் விரியத் திறந்துவிட்டுப் போனாள். காற்றுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். காற்றுக்காகத்தான்.

இடதுபக்க பர்னரில் சுடர் எரிந்துகொண்டிருந்தது. முதலாளி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். கன்னம் உப்பியது. “ஃபூ.” சுடர் போயிற்று. கேஸ் சீறத் தொடங்கியது.

“ஒரு அம்மா” என்று ஆரம்பித்தார். “பால அடுப்புல வெச்சிட்டு, வாசல்ல பக்கத்து வீட்டம்மாவோட பேச்சுக்கு நின்னுட்டாங்க.”

விடுதியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாமியார், முதல் வரிக்கு லேசாகச் சிரித்தாள். இரண்டாவது வரிக்குச் சிரிப்பு நின்றது. பால் பொங்கி நெருப்பை அணைத்ததும் அவள் வலதுகை தானாகப் போய் இடதுகையின் கடிகார வாரைப் பிடித்துக்கொண்டது.

“கேஸ் நிக்குமா? அது பாட்டுக்கு வருது. அம்மாவுக்குப் பேச்சு முடியல.”

பின்கட்டில் மருமகள் ரெகுலேட்டர் மேல் கையை வைத்திருந்தாள். திருப்புவது பெரிய காரியமில்லை. திருப்பினால் ஆர்டர் கிடைக்கும், மாமனார் மனம் குளிரும், அடுப்பு பாஸாகிவிடும். பாஸான அடுப்பை யார் மாற்றுவார்கள்? “அந்த விடுதியம்மாவே பாத்து நல்லாருக்குன்னுட்டாங்க, உனக்கென்ன?” என்று ஆயுசுக்கும் சொல்லுவார். இன்றைக்குத் திருப்பினால் என்றைக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டூல் மறுபடி வெளியே வரும். குழந்தை வளரும்; அவளுக்கும் ஒரு பென்சில் வாங்க வேண்டியிருக்கும்.

“இன்னும் வருது. அம்மாவுக்கு இன்னும் பேச்சு முடியல.”

மருமகள் கையை எடுத்தாள். மேல்துணி நுனியால் வரைந்த புருவத்தை அழுத்தித் துடைத்தாள். நடந்து வந்து சமையலறைப் பின்வாசலில் நின்றாள், இரண்டு கைகளும் எல்லோருக்கும் தெரியும்படி.

முதலாளி “டக்” என்று நாக்கைச் சொடுக்கினார். சீறல் நிற்கவில்லை.

“அம்மாவுக்கு இன்னும்” என்றார் உரக்க, ஜன்னலைப் பார்த்து. “இன்னும் பேச்சு முடியலையாம்.” இன்னொரு முறை நாக்கு சொடுக்கியது. வாசலில் நின்ற மருமகளைக் கண்டார். வாய் திறந்தபடி நின்றது. கேஸ் வாடை எல்லோர் மூக்குக்கும் வந்துவிட்டது.

“யாரும் ஸ்விட்ச்சத் தொடாதீங்க” என்றார் விடுதியம்மா அமைதியாக. “ஐயா, நாப்பத் திருப்புங்க.”

ஊரெல்லாம் அடுப்பு விற்ற கை இடதுபக்க நாப்பைத் திருப்பியது. நடு பர்னரும் சேர்ந்து சீறத் தொடங்கியது. வால்வுகளைக் கழற்றி மாட்டியபோது மகன் குழாய்களை இடம் மாற்றிவிட்டான்; இடது பர்னருக்கு நடு நாப், நடு பர்னருக்கு இடது நாப் என்பது அந்த வீட்டில் பெண்களுக்கு மட்டும் தெரியும். முதலாளி வீட்டு அடுப்பைத் தொட்டது அதுவே முதல் தடவை. அவசரத்தில் வலது பக்கத்துக்கும் கை போனது.

மாமியார் அவரை முழங்கையால் ஒதுக்கினாள். கண்ணால்கூடப் பார்க்காமல், வீட்டுக் கதவைச் சாத்துகிறவள் போல இடதையும் நடுவையும் மூடினாள். சீறல் நின்றது.

“டக்” என்றாள், சாதாரணக் குரலில். “இந்த வீட்ல மூடறது நாங்கதாம்மா. அது தானா மூடாது.”

விடுதியம்மா முதலாளியைப் பார்த்தார், மருமகளின் பாதிப் புருவத்தைப் பார்த்தார், கடைசியாக மாமியாரைப் பார்த்தார். “அந்தக் கதைல வர்ற அம்மா யாரு?”

மாமியார் இடதுகையை நீட்டினாள். கடிகாரத்தின் வாரை அவிழ்த்தாள். கீழே மணிக்கட்டைச் சுற்றி, உருகி இறுகின மெழுகு மாதிரி தோல் சுருண்டிருந்தது. மருமகள் அதை முதன்முறையாகப் பார்த்தாள்.

“கதைய எத்தன பேர்கிட்ட சொன்னீங்க?” என்று மாமியார் தன் கணவரைக் கேட்டாள். குரல் உயரவே இல்லை.

“வியாபாரத்துக்கு... சும்மா சிரிப்புக்கு...”

“சிரிக்கட்டும். நான் வாசல்ல பேச்சுக்கு நின்னேன்னு சொன்னீங்களே. நீங்கதான் வந்து கதவத் தட்டினீங்க. தொறக்க வந்தேன். செருப்பக் கழட்டறதுக்குள்ள தண்ணி கேட்டீங்க, விசிறி கேட்டீங்க, சில்லற கேட்டீங்க. உள்ள பால் பொங்கி அணைஞ்சது எனக்கெப்படித் தெரியும்? திரும்பி வந்து குச்சியக் கிழிச்சேன்.” மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். “அப்புறம் இன்னொண்ணு. பக்கத்து வீட்ல அப்ப யாருமே குடியில்ல. காலியாக் கெடந்துச்சு. நான் யாரோட பேசறது, பூட்டோடவா?”

விடுதியம்மா அப்போதுதான் சிரித்தார். மாமியாரும் சிரித்துவிட்டாள். முதலாளிக்கு மட்டும் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியவில்லை.

விடுதியம்மா வியாபாரத்தைத் தெரிந்தவர். கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கடைல பாத்த அடுப்பு நல்ல அடுப்புதான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எடுத்துக்கறேன். ஆனா முதல் அடுப்பு என் கட்டடத்துக்கு வரக் கூடாது. இந்த மேடைக்கு வரணும். இவங்க ரெண்டு பேரும் பத்த வெச்சு, அணைச்சு, ஒரு வாரம் பாத்துட்டு எனக்குச் சொல்லட்டும். நீங்க சொல்ல வேணாம். சொந்த வீட்டம்மா நம்பாத சரக்க நான் எப்படி நம்பறது?”

“இன்னைக்கே அனுப்பிடறேம்மா” என்றார் முதலாளி. தெருவின் சட்டம் அவர் நாக்கிலேயே உடைந்தது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை.

விடுதியம்மா போனபிறகு முதலாளி மருமகள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, உன்ன நம்பி ஊதினேனே. எங்க போன?”

“பின்னாடி பேச்சுக்கு நின்னுட்டேன் மாமா.”

“யாரோட?”

“சிலிண்டரோட.”

சாயங்காலம் புது அடுப்பு வந்தது. மகன் தானே தூக்கி வந்து மாட்டினான். முடிக்கும்வரை யாரும் அவனுக்குத் தேநீர் போடவில்லை. மருமகள் நாப்பை அழுத்தித் திருப்பினாள். உடனே பொறி, உடனே சுடர். அவள் பழக்கத்தில் பின்னால் துள்ளிவிட்டு, எதுவும் வெடிக்காததால் கொஞ்சம் ஏமாந்தவள் போல நின்றாள். பிறகு ஊதி அணைத்தாள். மாமியாரும் மருமகளும் கதை எதுவும் சொல்லாமல் காத்திருந்தார்கள். “டக்.” மறுபடி பற்றவைத்து மாமியார் ஊதினாள். “டக்.” அன்று சமையல் தாமதமாயிற்று.

விஷயம் தெருவில் பரவாமல் இருக்குமா? தெருப் பெண்கள் ஒவ்வொருவராக “சும்மா வந்தேன்” என்று வந்து ஊதிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையன்று குடைக்கடைக்காரர் மனைவி நேரே கடைக்குள் ஏறி, ஆணியில் தொங்கின புதுக்குடை ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டு இறங்கிப் போனாளாம். கடைக்காரர், “விளம்பரம், விளம்பரம்” என்று வந்தவர்களிடம் சமாளித்தாராம்.

முதலாளியும் வியாபாரிதானே. கடையில் இப்போது புது வாசகம்: “என் வீட்டுக்கே இதத்தான் போட்டிருக்கேன். மருமகள்னா எனக்கு உசிரு.” அதைக் கேட்க ஒருநாள் மாமியார் கடைக்கு வந்தாள். அடுப்பு மேஜைக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் கடிகாரம் இல்லை.

“நீ எதுக்கு இங்க?”

“சும்மா. கதை கேக்கலாம்னு.”

அதற்குள் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்துவிட்டது. முதலாளி அடுப்பைப் பற்றவைத்தார், கன்னத்தை உப்பினார், ஊதினார். கேஸ் சீறியது. விரலைத் தூக்கினார்.

“ஒரு அம்மா...”

நாற்காலியில் ஒரு இருமல். பெரிய இருமல் இல்லை. தூக்கின விரல் காற்றில் தடுமாறியது.

“ஒரு ஐயா” என்றார் முதலாளி. “ஒரு ஐயா, பால அடுப்புல வெச்சிட்டு, வாசல்ல பக்கத்து வீட்டு ஐயாவோட பேச்சுக்கு நின்னுட்டாரு. உள்ள பால் பொங்குது...”

புதுமாப்பிள்ளை சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மிகவும் உண்மையான அக்கறையோடு கேட்டான்:

“ஏன் சார், அவங்க வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?”

முதலாளி தூக்கின விரலை மெல்ல இறக்கினார். மனைவியைப் பார்த்தார். அவள் அந்தப் புதுப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பெண் தன் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

“டக்” என்றது அடுப்பு.